புள்ளியோடு சதவீதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தை விழும்போதெல்லாம் முதல் பக்கத்தில் வரும் தலைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் விழுந்தது. மறுநாள் காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ், கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைத்திருந்தார். முதலீட்டாளர்களுக்கு 15 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று பேப்பரில் இருந்த வரியை விரலால் தடவிக்கொண்டே, "ஏண்டா தம்பி, ஜப்பான்ல ஏதோ ஆச்சுன்னா நம்ம பணம் எதுக்குடா போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அந்தச் செய்தியில் பதில் இல்லை. மூன்று மணிக்குள் விற்றால் அன்றைய என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய விலை, கிடைக்கும் என்று மகன் சொல்ல, நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் மொத்தத்தையும் விற்றுவிட்டார்.

நடந்தது இதுதான். ஜப்பானில் அதுவரை பல வருடங்களாக வட்டி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தது. அதனால் பெரிய முதலீட்டாளர்கள் அங்கே அந்நாட்டு நாணயமான யென்னில் கடன் வாங்கி, வேறு நாடுகளில் பங்கும் பத்திரமும் வாங்கி வைத்திருந்தார்கள். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக ஏற்றியது, யென் மதிப்பும் ஏறியது, அடுத்த இரண்டு நாளில் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் மோசமாக வந்தது. யென் ஏறினால் யென்னில் வாங்கிய கடனின் சுமையும் ஏறும். கடனை அடைக்க வேண்டுமே, கையில் எது விலை போகுமோ அதை விற்றார்கள். அன்று நம் சந்தையில் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் விற்றது நிகரமாகச் சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு. இங்குள்ள கம்பெனிகளில் ஒரே நாளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அதே நாளில் உள்நாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 9 ஆயிரம் கோடிக்கு மேல் வாங்கின, அதில் அக்கா மாதிரி ஆட்கள் மாதாமாதம் ஃபண்டுகளில் போடும் பணமும் உண்டு. இந்த வரி எத்தனை தலைப்புகளில் வந்தது?

திங்கட்கிழமை 12 சதவீதத்துக்கு மேல் விழுந்த டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு, அக்கா விற்ற அதே செவ்வாய்க்கிழமை 10 சதவீதம் ஏறியது. செப்டம்பர் கடைசியில் சென்செக்ஸ் 85,000-ஐத் தாண்டிவிட்டது. அக்காவின் பணம் இன்னும் சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கிறது.

சரி, 2,222 புள்ளி என்றால் எவ்வளவு? 2.74 சதவீதம். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளியானபோது, 1992 ஏப்ரல் 28 அன்று விழுந்தது வெறும் 570 புள்ளி, ஆனால் அது 12.77 சதவீதம்! குறியீடு பெரிதாகப் பெரிதாகப் புள்ளிக்கணக்கும் பூதாகரமாகத்தான் தெரியும். 15 லட்சம் கோடியும் அப்படித்தான், விற்காதவர்களுக்கு அது காகிதத்தில் குறைந்த மதிப்பு, யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தும் போன பணம் அல்ல. நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போன வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் ஆய்வு செய்து சொன்னார்கள். அந்த வலி உள்ள இடத்தில்தான் உங்கள் தலைப்பு போய்க் குத்துகிறது.

எப்போதும் விற்காதே என்று நான் சொல்ல வரவில்லை. 1989 கடைசியில் இருந்த உச்சத்தை நிக்கேய் மறுபடி தாண்ட 34 வருடம் ஆனது. பல நாடுகளில் பிரித்துப் போட்டால் தப்பிக்கலாம் என்பதும் பாதிதான் உண்மை, 2020 மார்ச்சில் நியூயார்க், லண்டன், மும்பை எல்லாம் ஒன்றாகவே சரிந்தன. இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம் இருந்தால் அந்தப் பணம் பங்கில் இருக்கவே கூடாது. ஆனால் அதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டும், காலைப் பேப்பரைப் பார்த்த பதற்றத்தில் அல்ல.

அதனால் அடுத்த முறை இப்படி விழும்போது புள்ளியோடு சதவீதத்தையும் அதே எழுத்தளவில் போடுங்கள். எந்த நாட்டில் என்ன நடந்து இங்கே விழுந்தது, யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்று நாலு வரி முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அக்கா இன்னமும் உங்கள் பேப்பரைத்தான் வாங்குகிறார், முதல் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஈரோடு வாசகர் ஒருவர்