இரவுப் பாராவுக்கு (காவல் நிற்கும் பணிக்கு) மாற்று ஆள் கேட்டு மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற சிறைக் காவலர்கள், தலைமைக் காவலர்கள்.
பெறுநர்: உயர்திரு சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள், மத்திய சிறை.

ஐயா,

பொருள்: இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்கள் வேலையை விட்டுப் போவது – இரவுப் பணிக்கு மாற்று ஆளும் வார ஓய்வும் வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: எங்களின் முந்தைய இரு மனுக்கள்.

வணக்கம். மதிலுக்குள் 'மனு' என்றால் உறவினர் சந்திப்பு என்பது தாங்கள் அறிந்ததே. கைதிக்கு மனு வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடுகிறார்கள். காவலருக்காக நாங்கள் போட்ட இரண்டு மனுக்களும் தபால் பகுதியைத் தாண்டினவா என்றே தெரியவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் சமர்ப்பிப்பது:

1. சம்பளம் போதாமல் போகிறார்கள் என்று அலுவலகத்தில் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ஒரே தேர்வில்தான் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரும் வருகிறார்கள். மூவருக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய்தான். அதே சம்பளத்துக்கு அதே தேர்வை மறுபடி எழுதிக் காவல் துறைக்குப் போகிற பையன் பணத்துக்கா போகிறான்? அங்கே வார ஓய்வுக்கு 2021இல் அரசாணை வந்தது. அது முழுதாய்க் கிடைப்பதில்லை என்று அவர்களும் புலம்புவார்கள். ஆனாலும் காட்டிக் கேட்க ஒரு தாளாவது இருக்கிறது.

2. ஒரு பாரா இடத்துக்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆள் வேண்டும். வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போக ஒரு காவலர் 271 நாள், நாளுக்கு 8 மணி வீதம் 2,168 மணி நேரம் நிற்பார். வகுத்தால் ஓர் இடத்துக்கு நான்கு பேர். மருத்துவ விடுப்பும் பயிற்சியும் இதில் சேரவில்லை. மூன்று பேர் போட்டால் ஓய்வும் விடுப்பும் போச்சு. இரண்டு பேர் என்றால் எட்டு மணி பன்னிரண்டு ஆகிறது. ஒருவர் ராஜினாமா கொடுத்தால் அவர் பாரா மற்றவர்கள் தலையில் விழுகிறது, அந்தப் பாரத்தில் அடுத்தவர் போகிறார். ஆறு கைதிக்கு ஒரு காவல் பணியாளர் என்று 2016ஆம் ஆண்டு மாதிரி சிறைக் கையேடு சொல்வதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

3. இரவுப் பணி. இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறோம். இரவு 10 மணிக்கு ஏறியவர் காலை 6 மணிக்கு இறங்க வேண்டும். அறைகளைத் திறந்து தலை எண்ணி, எல்லாத் தொகுதிகளின் (கைதிகள் அடைக்கப்பட்ட பிளாக்குகளின்) கணக்கும் வாசல் பதிவேட்டோடு ஒத்துப்போகும்வரை அவர் வெளியே வர முடியாது. மருத்துவமனைக்குப் போனவர், முந்தைய மாலை புதிதாக வந்தவர், தொகுதி மாறியவர் என்று ஒருவரைப் பதிய விட்டுப்போனாலே கணக்கு இடிக்கும்; மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஏழரை மணிக்கு ஒருவழியாக வாசலுக்கு வந்தால், பகல் ஷிப்டுக்கு ஆள் இல்லை, நீயே இரு என்கிறார்கள். முன்தினமே சொன்னால் பிள்ளையைப் பள்ளியில் விட வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வாசலில் வைத்துச் சொன்னால்? செல்போன் லாக்கரில் இருக்கிறது. வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒரு கைதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் தொகுதிக் காவலரால் கதவைத் திறக்க முடியாது. சாவி அவரிடம் இருக்காது. விசில் அடித்து, வாக்கி டாக்கியில் வாசலுக்குச் சொல்லி, பணி அலுவலர் சாவியோடும் ஆளோடும் வந்து, மருந்தாளுநரை எழுப்பி, ஆயுதப்படை வழிக்காவல் கேட்க வேண்டும். வழிக்காவல் தாமதமானால் அதே ஷிப்டிலிருந்து இரண்டு பேர் ஆம்புலன்ஸில் ஏறுகிறார்கள். அவர்கள் தொகுதியைப் பக்கத்துத் தொகுதிக்காரர் சேர்த்துப் பார்க்கிறார். அந்த நேரத்தில் அங்கே ஓர் உயிர் போனால், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல், நீதித்துறை நடுவர் விசாரணை. அவை வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் பணியிடை நீக்கம் ஆகிறவர் இரண்டு தொகுதியை ஒற்றை ஆளாகப் பார்த்த காவலர். அப்படிப் பார்க்கும்படி வைத்த டூட்டி சார்ட்டில் யார் கையெழுத்து இருக்கிறது ஐயா? கோபமாகத் தோன்றினால் மன்னிக்கவும். கோபம்தான்.

4. பின் மதிலை ஒட்டிய கருவேலங்காட்டிலிருந்து செல்போனைப் பந்தாகச் சுற்றி எறிகிறார்கள். எந்தக் கோபுரத்தில் எப்போது ஆள் இல்லை என்பது எறிகிறவனுக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். போன் பிடிபட்டால் 17(பி) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை தொகுதிக் காவலருக்கு வருகிறது.

5. வேறு வேலைக்குப் போகக் கேட்கும் தடையின்மைச் சான்றை இழுத்தடித்தால் ஆள் நின்றுவிடமாட்டார். இரண்டு மாத முன்னறிவிப்பு இல்லாமல் பணியை விட்டால் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிற 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவைக் காட்டியும் பார்த்தாயிற்று. கைதியைப் பூட்டுகிற சட்டத்தால் காவலரையும் பூட்டி வைக்கலாம் என்பது என்ன யோசனை?

6. மறுபடியும் 3இல் சொன்ன இரவுப் பணிதான். ஆள் எடுப்பது தங்கள் கையில் இல்லை, அது சென்னையில். ஒப்புக்கொள்கிறோம். சார்ட் தங்கள் கையில்தான் இருக்கிறது. முகாம் அலுவலகம் (அதிகாரி வீட்டு அலுவலகம்), வண்டி, தோட்டம் என்று போயிருக்கும் காவலர்களைப் பாராவுக்குத் திருப்புங்கள். ஒரு வாரச் சார்ட்டை முன்கூட்டியே வாசல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். இரவு முடித்தவருக்கு அன்று பகல் பணி கிடையாது என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். காலியிடப் பட்டியலை இரவுப் பணிக் கணக்கோடு சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள்.

இந்த நான்கில் அந்த ஒரு வரி உத்தரவையாவது வரும் திங்கள்கிழமைச் சார்ட்டுக்கு முன் பிறப்பிக்குமாறு மிகுந்த பணிவோடு, மூன்றாவது முறையாக, வேண்டுகிறோம். பதிலை எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற சிறைக் காவலர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)