அந்தப் பெரிய சர்வர் வேண்டாம்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு,

வணக்கம். ஒரு நிறுவனம் கழித்துப் போட்ட சர்வரை, அதாவது கோப்புகளைச் சேமித்து எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கும் பெரிய கணினியை, பள்ளிக்குத் தருவதாகவும், பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் படங்களையும் ஸ்கேன் செய்து அதில் ஏற்றப்போவதாகவும் போன கூட்டத்தில் சொன்னீர்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

அந்த வகை சர்வர் சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக 30 நாள் ஓடினால் 108 யூனிட். இதே வேலைக்கு 15 வாட் இழுக்கும் சின்னக் கணினி போதும். 11 யூனிட்கூட வராது. விசிறிச் சத்தம் வேறு. பக்கத்து அறையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

கரண்ட் பில்கூடப் பரவாயில்லை. இடிதான் தலைவலி. இங்கே மாலை மழையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ் மின்வெட்டுக்குத்தான் கைகொடுக்கும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் நெட்வொர்க்கின் செம்புக் கம்பி வழியாகவும் மின்சாரம் உள்ளே பாயும். இரண்டு கட்டடங்களை இணைப்பதென்றால் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான ஃபைபர் இழுங்கள். யூபிஎஸ் பேட்டரியும் இந்த வெக்கையில் சில வருடங்கள்தான் தாங்கும். (பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து கருகும் கதை தனி.)

என் வீட்டு சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் செய்வதெல்லாம் மற்றதிலும் உடனே அப்படியே நடக்கும். ஒன்று போனாலும் மற்றது இருக்குமென்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் தவறான ஃபோல்டரை நானே அழித்தேன். ஒரே நொடியில் இரண்டிலும் போனது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள். மனைவி இதுவரை சொல்லிக்காட்டவில்லை, அதுதான் கஷ்டம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதிக்கு அப்புறம்தான் வந்தேன். பள்ளியின் ஒரு பிரதி ஈப்போவில் இருக்கட்டும்.

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த இடத்தில், பணத்தைக் கொட்டிச் செய்த திட்டம் ஒன்று பாஸ்வர்ட் தெரிந்தவர் வேலையை விட்டதும் முடங்கியது. நம் ஆசிரியர்களும் மாற்றலாகிப் போகிறவர்கள்தானே. கித்தா (ரப்பர்) கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை களை பிடுங்க ஆள் யார் என்று பார்க்காமல் எந்த மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கன்று இறக்கினார்? ஊரிலேயே இருக்கும் இரண்டு பேரின் பெயரை முதலில் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒன்று என் பெயராக இருக்கலாம்.

சர்வர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பதிவேடுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிறு காலை ஸ்கேனரோடு வருகிறேன். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்