செங்கோட்டை வேன் உரிமையாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சபரிமலை ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. சந்தா பாக்கியைப் பொருளாளர் சொல்வார். நான் பேச நினைப்பது பேட்டரியைப் பற்றி.

மகரவிளக்கு முடிந்து ஆரியங்காவு வழியாகத் திரும்பும் நம் வண்டிகளில் பாதி, குற்றாலச் சாரல் விழும்வரை ஷெட்டில்தான் நிற்கின்றன. இன்ஜின் பேட்டரி இறங்கினால் சாவி திருப்பும்போதே தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜுக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பேட்டரி செத்தால் ஆள் ஏறும்வரை தெரியாது.

போன வருடம் ஆனியில் எனக்கு அப்படித்தான் ஆனது. புனலூரில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு ஏறியது, ஃபேன் சுற்றவில்லை. அந்தப் பிள்ளை தென்மலை தாண்டியும் அழுதுகொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கினால் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிகிறது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

சார்ஜ் இறங்கிய நிலையிலேயே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. குளிர்தேசத்தில் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு, இறங்கிய பேட்டரி பனியில் உறைந்துவிடுமே என்று கவலை. நமக்கு எதிரி பங்குனி வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி சும்மா இருந்தே இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் மியூசிக் சிஸ்டம், அலாரம் எல்லாம் கொஞ்சம் இழுக்கும். வெறும் 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதை அளக்கும் கணக்கு இது) போய்விடும்; 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஆறே வாரத்தில் பாதியாகிவிடும்.

அதனால்தான் இந்த வருடம் சங்கப் பணத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் சார்ஜரும் மீட்டரும் வாங்கினோம். மாசி தொடங்கி மாதத்தின் முதல் ஞாயிறு ஷெட் ஷெட்டாகப் போனோம். முதலில் நெகட்டிவைக் கழற்றுவோம், மாட்டும்போது அதுதான் கடைசி. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6, 12.7 வோல்ட் காட்டினால் முழுசு. 12.4க்குக் கீழே போனால் அன்றைக்கே சார்ஜ், 12.2 என்றால் பாதி காலி. 100 ஆம்பியர் ஹவருக்கு 10 ஆம்பியருக்கு மேல் ஏற்றவில்லை. தகடு மூழ்கும் அளவு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகே நிரப்பினோம். ஆசிட் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம் அண்ணாச்சிமாரே.

பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். இறங்கிய பேட்டரிக்கு அது காணாது.

இப்படிப் பார்த்த ஒன்பது வண்டிகளில் எட்டு, சாரல் சீசனைப் பழைய பேட்டரியிலேயே ஓட்டின. ஒன்று தேறவில்லை, அது ஏற்கெனவே இரண்டு கோடை காய்ந்து கிடந்தது.

சார்ஜர் சங்க அறையில் இருக்கிறது. எடுப்பவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுங்கள், மறுநாளே திருப்பிக் கொடுங்கள். இனி பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்.