ஆறு அறை வெண்டைக்காய்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியதையே நினைத்துக்கொண்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். யு.கே.ஜி. மிஸ் கொடுத்த தாளில் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று வட்டங்களுக்கு வண்ணம் அடிக்க வேண்டுமாம். குட்டி பாதியிலேயே எழுந்து போய்விடுகிறாளாம். 'பேட்டர்ன் வரலை' என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. போனில் பதில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் பாதிதான் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் முழுக்க அவள் என்னோடுதானே இருந்தாள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மல்லியும் கனகாம்பரமும் கட்டிக்கொண்டிருந்தேன். நாலு மல்லி, ரெண்டு கனகாம்பரம், மறுபடி நாலு மல்லி. பூ எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு முழம் கட்டியதும், மல்லி வர வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கனகாம்பரத்துக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு, "இப்ப இது இல்ல அம்மாச்சி" என்றாள். அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அடுத்து வர வேண்டியது மல்லி என்று அவள் கைக்கே தெரிந்திருந்தது. இந்தக் குழந்தைக்கா பேட்டர்ன் வரவில்லை?

இன்னொரு நாள் வெண்டைக்காய் நறுக்கினேன். ஒரு வில்லையை எடுத்துக் காட்டினேன். ஐந்து மூலை, ஐந்து அறை, அறைக்கு அறை விதை. அடுத்த காயிலும் ஐந்து. மூன்றாவதை அரிவாள்மனையில் வைத்துவிட்டு, நறுக்காமல் பேசாமல் இருந்தேன். "அஞ்சு" என்றாள். பிறகு ஒவ்வொரு காயையும் வாங்கி, மேலே ஓடுகிற வரம்பை விரலால் தடவி எண்ணி, உள்ளே எத்தனை அறை என்று வெட்டுவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் வெண்டைக்காய் நறுக்கிய எனக்கே அது தோன்றியதில்லை. கடைசியில் ஒரு காயில் ஆறு வரம்பு இருந்தது. "இது தப்பு வெண்டைக்காய்" என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். தப்பில்லை கண்ணு, தனியா எடுத்து வை என்றேன். பிரிட்ஜ் மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினாள். நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ், இட்லிப் பூவுக்கு நாலு, வில்வத்துக்கு மூன்று இலை. துளசியில் இலை ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால் அதற்கு மேல் ஜோடி தெற்கு வடக்காக நிற்கும். இளந்தண்டை விரலில் உருட்டினால் நாலு பட்டை கையில் தட்டும். கறிவேப்பிலை அப்படியில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஏறும். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அந்த வித்தியாசத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

கோலத்துக்கு நடுவில் ஐந்து புள்ளி, மேலே மூன்று வைத்து நிறுத்தினால், "ஒண்ணு" என்று மாவை வாங்கி அவளே வைப்பாள். ஏழில் தொடங்கினால் அடுத்தது ஐந்து என்று தெரியும். நீ கம்ப்யூட்டர் படித்தவள், உனக்கே தெரிந்திருக்கும். சின்னக் கோலம் எந்த விதிப்படி பெரிய கோலமாக வளர்கிறது என்பதைத்தான் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கணினி இலக்கணமாக, அதாவது கணினி பின்பற்றக்கூடிய விதிகளாக, எழுதிக் காட்டினார்கள்.

கோலம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது. மார்கழி. நெளிக்கோலத்தில் வலப்பக்கம் சுற்ற வேண்டிய கம்பியை நீ இடப்பக்கம் சுற்றிவிட்டாய். எனக்கு அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டது. காலால் அழித்துவிட்டு நானே போட்டேன். நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போனாய். அதற்குப் பிறகு மாவைத் தொடவே இல்லை. இந்த மே மாதம் குட்டி சாக்பீஸால் திண்ணையில் போடும்போது அதே மாதிரி திருப்பினாள். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். மற்ற மூன்று பக்கமும் அவள் அப்படியே திருப்பிக்கொண்டு போனாள். கம்பி சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. நான் நினைத்த கோலம் இல்லை. ஆனால் முழுக் கோலம். அன்றைக்கு நீ எதைப் போட இருந்தாய் என்று நான் பார்க்காமலே அழித்துவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன் பாப்பா.

அங்கன்வாடியில் கிழமைப் பெயர் ஒன்றுகூடத் தெரியாத பிள்ளைகள், இன்றைக்கு முட்டை உண்டா இல்லையா என்று சரியாகச் சொல்லும். கேட்டால் சொல்லத் தெரியாது. வாரம் திரும்பத் திரும்ப வருவது உடம்புக்குள் பதிந்திருக்கும். தாளில் கேட்பதற்கு முன்னால் இப்படி எத்தனையோ இடத்தில் பேட்டர்ன் வந்துவிடுகிறது.

அதனால் தாளைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. வேண்டுமென்றால் மிஸ்ஸிடம் நானே பேசுகிறேன். பெங்களூரில் திண்ணை ஏது, துளசி மாடம் ஏது என்பாய். மாடிப்படி இருக்கிறது, தரையில் டைல்ஸ் இருக்கிறது, கொடியில் காய்கிற சாக்ஸ் இருக்கிறது. தீபாவளிக்கு ரயிலில் வரும்போது பெர்த் நம்பரைப் பார்க்கச் சொல். 1 லோயர், 2 மிடில், 3 அப்பர், 4 மறுபடி லோயர். 7ம் 8ம் சைடில் போய்விடும். 9 எங்கே என்று கேட்டுவிட்டு நீ சும்மா இரு. அந்தச் சும்மா இருப்பதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் இருந்தது. மனசுக்குள் இருபது எண்ணு. தப்பாகச் சொன்னால் "ஏன் கண்ணு அங்க?" என்று மட்டும் கேள். அவள் சொல்கிற காரணத்தை முழுசாகக் கேட்ட பிறகு நடந்துபோய் இரண்டு பேருமாகப் பாருங்கள்.

மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு. பிரிட்ஜ் மேல் இருக்கிற அந்த ஆறு அறைக் காய் வற்றிக் கறுத்துவிட்டது. நான் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று குட்டியிடம் சொல்.

அன்புடன்,
அம்மா