தேங்காய்ப்பட்டணத்து அண்ணனுக்கு

ஆக்லாந்து, நியூசிலாந்து,
அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நல்ல சுகம். அம்மாவின் முட்டுவலிக்கு அந்த வைத்தியரை மறுபடி பார்த்தீர்களா? அதைத் தனியாக எழுதுங்கள்.

நம்ம மீன்பிடி வள்ளத்தின் பின்னால் மாட்டியிருக்கிற எஞ்சினின் கைப்பிடி முன்போலத் திரும்பவில்லை, இரண்டு கையாலும் தள்ளவேண்டியிருக்கிறது என்று போனில் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. நம்ம துறைமுக முகத்துவாரத்தில் திரை எழும்புகிற இடத்தில் எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்தில் கைப்பிடி ஒரு நொடி பிந்தினால் வள்ளம் குறுக்கே விழுந்துவிடும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். புதுசாக எதையும் வாங்குவதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இப்போது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூச்சுவிட நேரமில்லை. இந்த ஊரில் ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் குளிர்காலம். அந்த மாதங்களில் பாதிப் பேர் படகை டிரெய்லரோடு வீட்டு முற்றத்தில் மூடிப் போட்டுவிடுவார்கள். அக்டோபர் நான்காவது திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அந்த வாரம் எல்லோருக்கும் கடலுக்குப் போகவேண்டும். மூடியைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் அசையாது. அப்புறம் வரிசையாக எங்களிடம்தான் வருவார்கள். வருகிறவர்கள் பிழைப்புக்கு மீன் பிடிப்பவர்கள் இல்லை அண்ணா, பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள். ஸ்னாப்பர் என்கிற மீனை ஆக்லாந்தின் கிழக்குக் கடலில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 7 தான் எடுக்கலாம், அதுவும் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விடவேண்டும். விற்கக்கூடாது. இதைச் சொன்னால் நம்ம ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இங்கே ஆளுக்கு ஆள் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், அளந்து பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். இங்குள்ள சின்னப் படகுகளில் நம்ம வள்ளத்தைப்போல எஞ்சினிலேயே கைப்பிடி இருப்பது குறைவு. முன்னால் கார் மாதிரி வட்டச் ஸ்டியரிங், அதிலிருந்து பின்னால் எஞ்சின்வரை ஒரு கேபிள். கேபிளின் நுனியில் ஒரு ஸ்டீல் ராடு இருக்கும். எஞ்சினைத் தூக்கி இறக்குகிற அச்சுக்குழாய் இருக்கிறதே, டில்ட் டியூப், அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அங்கிருந்து ஒரு சின்னக் கை எஞ்சினோடு சேரும். ஆக ஸ்டியரிங் இறுகினால் அது நான்கு இடத்தில் எங்கேயும் இருக்கலாம்: முன்னால் உள்ள பல்சக்கரப் பெட்டி, கேபிள், டியூபுக்குள் ராடு, அல்லது எஞ்சின் இடம் வலம் சுழலுகிற அச்சு. வருகிறவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "கேபிள் போய்விட்டது, மாற்றிவிடு." பாதிக்குமேல் கேபிளில் ஒன்றும் இருக்காது.

எங்கள் முதலாளி வயதானவர், கை படாமல் எதையும் நம்பமாட்டார். அவர் செய்யச் சொல்லும் முதல் காரியம், எஞ்சினையும் ஸ்டியரிங்கையும் சேர்க்கிற அந்தச் சின்னக் கையைக் கழற்றுவது. ஒரு நட்டு, அவ்வளவுதான். இப்போது இரண்டும் தனித்தனி. எஞ்சினைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பார்ப்போம். அதுவே இறுக்கமாக இருந்தால் குற்றம் எஞ்சின் அச்சில். எஞ்சின் லேசாக ஆடி, ஸ்டியரிங் மட்டும் இறுகியிருந்தால் குற்றம் ஸ்டியரிங் பக்கம், அதாவது டியூபிலோ கேபிளிலோ முன்பெட்டியிலோ. அடுத்து ராடை டியூபிலிருந்து வெளியே இழுத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சுற்றுவோம். சுலபமாகச் சுற்றினால் டியூப்தான் கள்ளன். அப்போதும் இறுகினால் கேபிளை முன்பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியை மட்டும் சுற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் குற்றவாளி தானாக வெளியே வந்து நிற்கும்.

போன வாரம் ஒரு அலுமினியப் படகு வந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கிடந்தது. கையைக் கழற்றினோம், எஞ்சின் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. ஆக முதல் சந்தேகம் டியூபும் ராடும். கேபிளை டியூபோடு பூட்டுகிற பெரிய நட்டைத் தளர்த்தி, இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் ராடின் நுனியில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்ட, ஒரு நூல், இரண்டு நூல் என்று நகர்ந்து வந்தது. நேரடியாக இரும்பால் அடித்தால் நுனியின் மரை நசுங்கிவிடும், அப்புறம் நல்ல கேபிளும் குப்பைக்குத்தான். ராடு வெளியே வந்தபோது அதன்மேல் பழைய கிரீஸ் காப்பிப்பொடி நிறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. டியூபுக்குள் உப்பும் கலந்து சுவர் மாதிரிக் கட்டியிருந்தது. குச்சியில் வட்டக் கம்பி பிரஷைக் கட்டி உள்ளே தேய்த்தோம், பிறகு துணியைச் சுற்றித் துடைத்தோம், துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை. ராடு காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங்கைச் சுற்றினேன், பாம்புபோல வழுக்கி ஓடியது. கேபிள் தப்பித்தது. அந்த மனிதர் புதுக் கேபிளுக்குப் பணம் எடுத்து வந்திருந்தார். அதைத் திரும்பக் கொண்டுபோனார்.

ஒரு காரியம் இங்கே வந்துதான் படித்தேன். ராடு டியூபுக்குள் முழுதாக இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில்தான் கிரீஸ் அடிக்கவேண்டும். நீட்டி நிற்கும்போது அடித்தால், உள்ளே நிறைந்த கிரீஸ் ராடைத் திரும்ப வரவிடாமல் பூட்டிவிடும். கரையில் சரியாக இருந்தது கடலில் போய் நிற்கும். கேபிளே உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் ஊற்றிப் பிழைக்கவைக்கப் பார்க்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதே நீளத்தில் வாங்கவேண்டும். கழற்றின பூட்டு நட்டையும் நாங்கள் திரும்பப் போடுவதில்லை, புதுசுதான்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று முதலில் தோன்றியது. ஆக்லாந்துக்கு மேற்கே மனுகாவ் என்று ஒரு முகத்துவாரம், மணல்திட்டில் திரை உடைகிற இடம். 1863 பிப்ரவரியில் ஆர்ஃபியஸ் என்ற போர்க்கப்பல் அங்கே தரைதட்டி 189 பேர் இறந்துபோனார்கள். இந்த நாட்டில் கடலில் நடந்ததில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. அந்தப் பக்கம் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதலாளி முதலில் ஸ்டியரிங்கைத்தான் பிடித்துப் பார்ப்பார். எனக்கு அப்போது நம்ம முகத்துவாரம்தான் நினைவுக்கு வரும்.

இனி உங்கள் எஞ்சின். உங்களுக்குக் கேபிள் இல்லை, முன்பெட்டி இல்லை, அதனால் தேடவேண்டிய இடம் பாதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வள்ளம் கரையில் இருக்கும்போது பாருங்கள். முதலில் கைப்பிடிக்குக் கீழே திருப்புவதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகோ சின்ன லீவரோ இருக்கும். கையை விட்டாலும் எஞ்சின் திரும்பாமல் நிற்க அதை யாராவது இறுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தளர்த்திப் பாருங்கள். அதிலேயே முடிந்தால் சந்தோஷம்.

இல்லையென்றால் அச்சுதான். ஆனி, ஆடியில் வள்ளம் கரையில் கிடந்தது என்றீர்கள், எனக்கு அதில்தான் சந்தேகம். எஞ்சின் இடம் வலம் சுழலுகிற தூணில் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கிற சின்ன முனை, இருக்கும். அதைத் துடைத்துவிட்டு, சாதா வண்டிக் கிரீஸ் வேண்டாம், கடல் தண்ணீருக்கென்று உள்ள கிரீஸை அடியுங்கள். நம்ம சின்னத் தம்பியிடம் கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் மேலும் கீழும் பிதுங்கி, பின்னால் புதுசு வரும்வரை அடிக்கவேண்டும். கிரீஸ் உள்ளே போகவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியைத் தூணைச் சுற்றிக் கட்டினாலே உள்ளே காய்ந்தது இளகும். விளக்கோ தீயோ கிட்டே கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் எரிபொருள் இருக்கிறது. கைப்பிடியில் பைப்பை மாட்டி நெம்பவும் வேண்டாம், அது அலுமினியம், விரிசல் விழும்.

கரையில் லேசாக இருந்து, ஓடும்போது மட்டும் ஒரு பக்கமாக இழுத்தால் அது வேறு கதை. புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டின் அடியில் மீன்செட்டைபோல ஒரு சின்னத் துண்டு சில எஞ்சின்களில் இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் அந்தத் துண்டின் பின்முனையை வலப்பக்கமே கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சாண்ட்ரிங்ஹாம் தெருவில் நம்ம ஆட்கள் கடை நிறைய. பசிபிக் தீவுக்காரர்கள் கடையில் மரச்சீனிக் கிழங்கு உறையவைத்து விற்கிறார்கள். மீன்தலையை இங்கே பலர் எறிந்துவிடுவார்கள், ஆனால் இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களும் தீவுக்காரர்களும் நம்மைப்போல அதைத்தான் விரும்புவார்கள். படகுக்காரர்களிடம் தலையைச் சேகரித்து வீடுகளுக்குக் கொடுக்கிற ஏற்பாடே ஒன்று இருக்கிறது. எனக்கும் அடிக்கடி யாராவது ஒரு பை கொண்டுவந்து தருகிறார்கள், குழம்பு வைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது அண்ணா, இங்கே அதுதான் கோடைக்காலம், வேலை உச்சத்தில் இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு லீவு கேட்டிருக்கிறேன். கிரீஸ் அடித்தும் கைப்பிடி திரும்பாவிட்டால் எஞ்சினின் மாடல் எண் எழுதிய தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அச்சைச் சுற்றியுள்ள வளையம், புஷ், எது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முகத்துவாரம் கொந்தளிக்கிற நாளில் இந்த எஞ்சினோடு போகாதீர்கள்.

அன்புடன்,
தம்பி