செலஸ்தீன் ஓடிப்போனவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1294-ல் ஐந்து மாதம் பாப்பரசராக (போப்) இருந்து பதவி விலகிய புனித ஐந்தாம் செலஸ்தீன் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அந்தப் பொறுப்புக்குப் பயந்து பாதியில் ஓடிப்போன கிழத் துறவி என்ற அளவில் அவரை முடித்துவிட்டது. 1294-ல் நடந்தவற்றைத் தேதிவாரியாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அவருடைய நிர்வாகம் குளறுபடியானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஐந்து மாதத்தில் பாப்பரசர் தேர்தல் பற்றியும் பதவி விலகல் பற்றியும் அவர் சரிசெய்துவைத்த இரண்டு சட்டங்களின் சாரம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கட்டுரையில் அவை பற்றி ஒரு வரிகூட இல்லை.

முந்தைய பாப்பரசர் நான்காம் நிக்கோலாஸ் 1292 ஏப்ரல் 4 அன்று இறந்தபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய உயர் குருக்களான கர்தினால்கள் பன்னிரண்டே பேர். இடையில் ஒருவர் இறந்துபோக, மிஞ்சியவர்கள் பதினொருவர். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது 1179 முதல் சட்டம். அதன்படி எட்டுப் பேராவது ஒத்துப்போக வேண்டும். ஒர்சீனி, கொலோன்னா என்ற இரண்டு ரோமைக் குடும்பங்களின் பகையில் அந்த எட்டு சேரவே இல்லை. 27 மாதம் பாப்பரசர் இல்லாமலே கழிந்தது.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1274-ல் லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் பாப்பரசர் பத்தாம் கிரகோரி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். பாப்பரசர் இறந்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டும். பிறகு கர்தினால்கள் எல்லாரும் தடுப்புச்சுவர் இல்லாத ஒரே கூடத்தில் அடைபட வேண்டும். வெளியாரோடு பேச்சோ கடிதமோ கூடாது, சாப்பாடு சன்னல் வழியாக வரும். மூன்று நாளில் முடிவு எட்டாவிட்டால், அடுத்த ஐந்து நாள் வேளைக்கு ஒரு பதார்த்தம் மட்டும். அதற்கும் மசியாவிட்டால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை இரசமும்தான். தேர்தல் முடியும்வரை வருமானமும் கிடையாது. கடுமைதான், ஆனால் வேலை செய்கிற சட்டம். 1276-லேயே அதை நிறுத்தி வைத்து, பிறகு நீக்கியும் விட்டார்கள். அதன் விலைதான் இந்த 27 மாதம்.

1294 ஜூலை 5 அன்று பெருஜியாவில் கர்தினால்கள் தேர்ந்தெடுத்தது மொர்ரோனே மலையில் குகைவாசியாக இருந்த துறவி பியேத்ரோவை. வயது எண்பதை ஒட்டியது. வெறும் வனத்துறவி என்று அவரை நினைத்துவிடக் கூடாது. 1263-லேயே திருச்சபை ஒப்புதல் பெற்ற ஒரு துறவற சபையை நிறுவி வளர்த்தவர். கழுதை மீதேறி அக்குயிலா நகருக்குள் வந்து, ஆகஸ்ட் 29 அன்று கொல்லேமாஜ்ஜோ ஆலயத்தில் ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயரில் முடிசூடினார்.

கோளாறு அதன்பிறகுதான். நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸ் அவரைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். செப்டம்பர் 18 அன்று அறிவித்த பன்னிரண்டு புதிய கர்தினால்களில் ஏழு பேர் பிரெஞ்சுக்காரர்கள். அலுவலகம் ரோமைக்குப் போகாமல் நேப்பிள்ஸுக்குப் போனது. அக்காலத்தில் பாப்பரசர் ஆணை என்பது விண்ணப்பம், வரைவு, நகல், சரிபார்ப்பு என்று பல கை கடந்து, கடைசியில் ஈய முத்திரை தொங்கவிடப்படும் தோல் ஆவணம். முத்திரையின் ஒரு பக்கம் பேதுரு, பவுல் தலைகள், மறுபக்கம் பாப்பரசர் பெயர். சலுகை ஆணைக்குப் பட்டு நூல், கட்டளைக்குச் சணல் நூல். இத்தனை கண்காணிப்பும் மேலே இருப்பவர் கேள்வி கேட்டால்தான் பயன்படும். இலத்தீன் சட்டமொழியில் தேர்ச்சி இல்லாத செலஸ்தீன் கேட்கவில்லை. ஒரே பதவியைப் பலருக்கு வழங்கிய ஆணைகளும், வாசகம் நிரப்பாமல் முத்திரை மட்டும் பதித்த தாள்களும் வெளியே போனதாக அக்காலத்தவர் குறைகூறினார்கள்.

தன்னால் முடியவில்லை என்பதை முதலில் உணர்ந்தவர் அவரே. உணர்ந்ததும் ஓடவில்லை. செப்டம்பர் கடைசியிலேயே 1274 சட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். திருச்சபைச் சட்டம் கற்ற கர்தினால் பெனெதெத்தோ கயெத்தானி போன்றவர்களிடம், பாப்பரசர் பதவி விலகலாமா என்று கேட்டார். டிசம்பர் 10 அன்று, பாப்பரசர் இறந்தாலும் விலகினாலும் அந்தத் தேர்தல் சட்டம் ஒன்றுபோலவே பொருந்தும் என்று ஆணையிட்டார். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வரிசைதான்: பின்னால் வருபவருக்கான வழியைச் சட்டப்படி திறந்து வைத்த பிறகே அவர் எழுந்தார். டிசம்பர் 13 அன்று கர்தினால்கள் முன் காரணங்களை வாசித்தார். உடல் தளர்ச்சி, அறிவுக் குறைவு, மனச்சாட்சியின் அமைதி என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. பிறகு ஆசனத்தை விட்டு இறங்கி, மோதிரத்தையும் மேலாடையையும் கழற்றிவிட்டுத் தன் பழைய துறவு உடையை உடுத்திக்கொண்டார்.

பத்து நாள் காத்திருப்பு முடிந்து கர்தினால்கள் உள்ளே போனார்கள். டிசம்பர் 24 அன்றே கயெத்தானி, எட்டாம் போனிஃபாஸ் ஆனார். முந்தைய தேர்தலுக்கு 27 மாதம், இதற்குப் பதினொரு நாள். 1298-ல் போனிஃபாஸ் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் கான்கிளேவ் எனப்படும் இந்த அடைபட்ட தேர்தலின் விதிகளும், பாப்பரசர் சுதந்திரமாகப் பதவி விலகலாம் என்ற விதியும் நிரந்தரமாக ஏறின. 1983 திருச்சபைச் சட்டத்தின் 332-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: விலகல் சுதந்திரமானதாகவும் முறைப்படி வெளிப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும், யாரும் அதை ஏற்க வேண்டியதில்லை. 2013-ல் பதினாறாம் பெனடிக்ட் விலகியது இந்தப் பிரிவின்படிதான். 2009 நிலநடுக்கத்துக்குப் பிறகு அக்குயிலா சென்றபோது, பாலியம் என்ற தன் தோள் துகிலைச் செலஸ்தீன் உடல்மீது வைத்துவிட்டு வந்தவரும் அவரே.

இரவில் குழாய் வழியாக விண்ணகக் குரல் போலப் பேசிக் கயெத்தானி கிழவரைப் பதவி விலகச் சொல்லி ஏமாற்றினார் என்பதும், தலையில் ஆணி அடித்துக் கொன்றார் என்பதும் போனிஃபாஸின் எதிரிகள் பரப்பிய கதைகள். கட்டுரை இவற்றைச் செய்தியாகவே தந்திருப்பது வருத்தம் தருகிறது. சிறைவைத்தது மட்டும் உண்மை. அவரை முன்னிறுத்தி யாரேனும் திருச்சபையைப் பிளந்துவிடுவார்களோ என்று போனிஃபாஸ் அஞ்சினார். அது வீண்பயமில்லை, 1297-ல் கொலோன்னா கர்தினால்கள் அந்த விலகலே செல்லாது என்று அறிக்கை விட்டார்கள். ஆனாலும் ஒரு முதியவரை ஃபுமோனே கோட்டையில் அடைத்தது அநியாயம்தான். 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரை சொல்வதுபோல் அவர் மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவராகப் புனிதர் பட்டம் பெறவில்லை. போனிஃபாஸைக் கொலைகாரர் என்று காட்டப் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் அப்படித்தான் விரும்பினார். பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து அதற்கு இணங்காமல், 1313 மே 5 அன்று அவினியோனில், மொர்ரோனே துறவி பேதுரு என்ற பெயரிலேயே பட்டம் அளித்தார். திருநாள் மே 19.

இப்படிக்கு,
திருச்சபை வரலாற்று வாசகர்