மூளைக்குள் தேங்கும் கொழுப்பு

அன்புள்ள மாலா,

உன் கடிதத்தை நேற்று இரவே படித்துவிட்டேன். அம்மா சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உன் முகத்தையே பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் அப்பாவும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவிடம் இருக்கும் ஏபிஓஇ4 கொழுப்பு சம்பந்தப்பட்ட மரபணு என்று டாக்டர் சொன்னதும், அம்மாவின் ரத்தக் கொழுப்பை நீ சரியாகக் கவனிக்காததுதான் அவருடைய மறதி நோய்க்குக் காரணமோ என்று தவிக்கிறாய். அப்படி இல்லை மாலா. நடுவயதில் கெட்ட கொழுப்பு அதிகமாக இருப்பதும் மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்றுதான், ஆனால் இந்த மரபணு செய்யும் வேலை பெரும்பாலும் மூளைக்குள்ளேயே நடக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் மூளைக்குள் நுழைவதில்லை, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனால் உடலின் மொத்தக் கொலஸ்டிராலில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. அத்தனையையும் மூளை தானே தயாரித்துக்கொள்கிறது.

தயாரித்ததைச் செல்லுக்குச் செல் சுமந்து போக ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதத்துக்கான மரபணுதான் ஏபிஓஇ. அந்தப் புரதம் அமினோ அமிலங்கள் என்ற 299 சின்னத் துண்டுகள் கோத்த சங்கிலி. பெரும்பாலானோரிடம் இருக்கும் ஏபிஓஇ3 வகைக்கும் அம்மாவிடம் இருக்கும் ஏபிஓஇ4 வகைக்கும் வித்தியாசம் 112-ஆவது இடத்தில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு சின்ன மாற்றத்தால் அந்தப் புரதம் கொழுப்பைச் சரியாக ஏற்றிக்கொள்வதில்லை. ஒரு பக்கம் செல்களுக்குள் கொழுப்பு தேங்கிக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் தேவையான இடத்துக்கு அது போய்ச் சேர்வதில்லை. 2022-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறையைப் போடும் செல்கள் இருக்கின்றன அல்லவா, ஏபிஓஇ4 உள்ளவர்களின் மூளையில் அந்தச் செல்கள் கொலஸ்டிராலை உறைக்குக் கொடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன, அதனால் உறை மெலிந்துபோகிறது. தேங்கியதை நகர்த்தும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது உறையும் தேறியது, நினைவாற்றலும் கூடியது. எலிகளில்தான், அதை மறக்காதே. நம் அம்மாக்களுக்குத் தரும் மருந்தாக அது இன்னும் வரவில்லை.

அம்மாவின் கொலஸ்டிரால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே, அது இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் வேண்டியது. நோய் வந்த பிறகு அதே வகை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் மறதி மட்டுப்படவில்லை, அந்த நம்பிக்கையை அதன் மேல் வைக்காதே, அவ்வளவுதான்.

அப்புறம், நீ எழுதத் தயங்கி விட்ட கேள்வி. அம்மாவிடம் இருப்பது ஏபிஓஇ4-இன் ஒரு பிரதி என்றால் அது உனக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பிரதி இருந்தால் அபாயம் சுமார் மூன்று மடங்கு, ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். பரிசோதனை செய்வதென்று முடிவெடுத்தால் அதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசு, தனியாகப் போகாதே, நான் கூட வருகிறேன்.

ஞாயிறு மாலை கூப்பிடுகிறேன். அம்மாவிடமும் போனைக் கொடு, என் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன்,
கீதா